நார்பர்ட்டின் முகம்

பாறசாலை
8 ஜூன் 2025

அன்புள்ள லிஷா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டுமே எழுதப் போகிறேன். எதையும் பெரிதாக்க மாட்டேன். உனக்கு வலிக்குமே என்று எதையும் விடவும் மாட்டேன். தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதுவேன். முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படு.

நீ மனு அண்ணனோடு போன பிறகு அப்பா வீட்டிலுள்ள எல்லாப் போனிலும் உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறார். என்னிடம் போன் கிடையாது. ஆரியங்கோடு ஒன்றும் தூரமில்லை. ஆனால் அங்கே காலெடுத்து வைத்தால் என் படிப்பு அன்றோடு நின்றது என்று சொல்லியிருக்கிறார். அப்பா சொன்னால் செய்வார். அதனால்தான் தபால். உங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் தமிழில் எழுதுகிறேன். பதிலை என் பள்ளிக்கூடத்துக்கு, பிரசீதா டீச்சர் பெயருக்குப் போடு. எங்களுக்கு உயிரியல் எடுக்கிறவர். பிரித்துப் பார்க்க மாட்டார்.

உனக்குக் குழந்தை வரப்போவது மீன் கொண்டு வரும் விஜயம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். "பெர்த்தா, ஒனக்க மூத்தவளுக்கு அஞ்சு மாசமாக்கும். நான் ஆரியங்கோட்டில கண்ணால கண்டேன். நடையப் பாத்தா பெண்பிள்ளதான், எழுதி வச்சுக்க" என்று சட்டியை இறக்கும்போதே சொல்லிவிட்டாள். அம்மா கையில் இருந்த சாளையைச் செதில் எடுத்து முடித்தாள். அன்று மத்தியானம் தையல் மிஷினைத் திறந்தாள். என்ன தைக்கிறாய் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல, பழைய துணி" என்றாள்.

இனி முக்கியமான விஷயம். மழையில் மேற்குச் சுவர் ஊறிவிட்டது. படங்களைக் கழற்றி உலர்த்தச் சொன்னாள் அம்மா. திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கவர் செருகியிருந்தது. உள்ளே மூன்று அடக்கப் படங்கள். குழிக்குக் கொண்டுபோகும் முன் பெட்டியைச் சுற்றி வீட்டார் எல்லாரும் நின்று எடுக்கிற படம்தான். மூன்று பெட்டியிலும் கைக்குழந்தை.

கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்னால் 1973 என்று எழுதியிருக்கிறது. அது அப்பாவின் அண்ணன். அப்பா பிறக்கும் முன்பே போனவர். அடுத்தது 2000, உனக்கு முந்திப் பிறந்த நம் அண்ணன். கடைசி 2012, நம் தம்பி. மூத்த ஆண்பிள்ளைக்கு நார்பர்ட் என்று ஞானஸ்நானப் பெயர் வைப்பது அப்பா வீட்டு வழக்கம் என்பதால் முதல் இரண்டு பேருக்கும் அதே பெயர். தம்பிக்கும் ஏன் மறுபடி அதையே வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

படங்களைக் கட்டிலில் வரிசையாக வைத்தேன். சுற்றி நிற்கிறவர்களுக்கு வயதாகியிருக்கிறது. சிலர் அடுத்த படத்தில் இல்லை. பெட்டிக்குள் இருக்கிற குழந்தை மட்டும் மாறவே இல்லை. முன்னால் தள்ளிய அகன்ற நெற்றி, உள்ளே போன கண்கள், கூரான சின்னத் தாடை. அண்ணன் தம்பி ஜாடை என்று சொல்லலாம். ஆனால் முதல் குழந்தைக்கும் கடைசிக் குழந்தைக்கும் நடுவில் ஒரு ஆயுசின் பாதி இருக்கிறது. ஒரே பிள்ளையை மூன்று முறை அடக்கம் செய்தது போல இருந்தது. 

இன்னொன்று. மூன்று குழந்தைகளின் கைகளிலும் துணியால் தைத்த சின்னப் பை மாட்டி, மணிக்கட்டில் நாடா கட்டியிருக்கிறது. விரல் தெரியவில்லை. தலையில் பூக்கிரீடம் எல்லாக் குழந்தைக்கும் வைப்பார்கள். கையில் இப்படிக் கட்டி நான் பார்த்ததில்லை. இது எதற்கு?

உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையை நினைத்துத்தான் எழுதுகிறேன். ஏதோ ஒன்று இந்த வீட்டில் தலைமுறையாக வருகிறது. மூன்று குழந்தைகளைப் பற்றியும் உன் டாக்டரிடம் சொல்.

உன்
டெல்னா


ஆரியங்கோடு
17 ஜூன்

டெல்னா,

நீ மாறவே இல்லை. ஆறு வயதில் ஓணானைக் கீறி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தவள்தானே. இப்போது என் வயிற்றுக்கு வந்திருக்கிறாய்.

நான் வீட்டை விட்டு வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. அங்கிருந்து ஒரு சொல் வரவில்லை. முதலில் வந்த கடிதத்தில் மூன்று சவப்பெட்டி. ரொம்பச் சந்தோஷம்.

கையில் என்ன என்று கேட்டாயே. உனக்கு அப்போது நான்கு வயது, எனக்குப் பதினொன்று. நான் சொல்கிறேன் கேள். அவன் சொறிவான். கன்னம், காது, கழுத்து எல்லாம் ரத்தம் வரும்வரை சொறிவான். தூங்கிக்கொண்டே சொறிவான். அதற்காக அம்மா தைத்து மாட்டியது. மாட்டிய பிறகும் துணி பாயில் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவன் போன பிறகும் எனக்கு அது கேட்டது, அடுத்த மழைக்காலம் வரை. அம்மாவுக்கும் கேட்டது. எப்படித் தெரியும் என்றால், அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் அவள் எழுந்துபோய் மிக்ஸியை ஓடவிடுவாள். உள்ளே அரைக்க ஒன்றும் இருக்காது.

அந்தப் பெயரை வைத்தது அம்மாதான். அப்பா வேண்டாம் என்றார். பங்குச் சாமியார் வேறு நாலு பெயர் சொன்னார். "போனவனுக்கப் பேரச் சொல்லி விளிச்சா அவன் திரும்பி வருவான்" என்று பிடிவாதமாக நின்றாள். வந்தான். அதே முகத்தோடு வந்து, அதே மாதிரி மஞ்சளாகி, அதே மாதிரி போனான். போனவனை நான்தான் கூப்பிட்டு வரவழைத்துக் கொன்றேன் என்று அன்றிலிருந்து நினைக்கிறாள். உன்னிடம் சொல்ல மாட்டாள்.

என்னிடம் சொன்னது வேறு. நான் மனுவோடு ஆட்டோவில் ஏறும்போது வாசலில் நின்று சொன்னாள். "போ. நார்பர்ட்டு ஒனக்க வயித்திலயும் வருவான்." பெற்ற தாயின் வாய். அதையேதான் நீ டாக்டரைச் சேர்த்து அனுப்பியிருக்கிறாய்.

ஸ்கேன் எடுத்தாயிற்று. எல்லாம் நன்றாக இருக்கிறது. இனி எழுதாதே.

லிஷா


பாறசாலை
29 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். ஓணான் ஏற்கெனவே செத்துக் கிடந்தது. எனக்கு அப்போது ஏழு வயது.

"மஞ்சளாகி" என்று நீ எழுதியதை வாசித்ததும் படங்களை மறுபடி எடுத்தேன். 2000-ஆம் வருடப் படம் பழையதாகி மஞ்சளடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். இந்த முறை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். பெட்டியின் ஓரத்து லேஸ் வெள்ளையாக இருக்கிறது. அம்மாவின் சேலை வெள்ளை. பூ வெள்ளை. படம் பழுத்திருந்தால் எல்லாமே பழுத்திருக்க வேண்டும் இல்லையா? குழந்தையின் முகம் மட்டும்தான் மஞ்சள். அம்மாவிடம் கேட்டேன். ஸ்டூடியோக்காரர் படத்தைக் கெடுத்துவிட்டார் என்றுதான் இருபத்தைந்து வருடமாக எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள்.

பிரசீதா டீச்சரிடம் படங்களைப் பற்றி மட்டும் சொன்னேன், உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. அவருடைய தங்கை மருத்துவம் படிக்கிறாள். அவளுடைய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். ஒரு வாரமாக அதைத்தான் வாசிக்கிறேன். பாதி புரியவில்லை. புரிந்ததை எழுதுகிறேன்.

கருவாகி நான்காவது வாரத்தில் பிள்ளைக்கு ஈரல் கிடையாது. குடலாகப் போகிற ஒரு குழாய் மட்டும் உண்டு. அதை ஒட்டி இதயம் அப்போதுதான் துடிக்கத் தொடங்கியிருக்கும். இதயமாகப் போகிற செல்கள் ஏதோ ஒரு வேதிப்பொருளைக் கசியவிடுகின்றன. அது எட்டுகிற இடத்தில் குழாயின் சுவர் மொட்டுவிட்டு ஈரலாகிறது. எட்டாத இடம் குடலாகவே இருந்துவிடுகிறது. இதயம் சொல்லித்தான் ஈரல் உண்டாகிறது அக்கா. நான் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

பிறகு ஈரலுக்குள் பித்தநீர் ஓடுவதற்குச் சின்னச் சின்னக் குழாய்கள் வேண்டும். எந்தச் செல் குழாயாக மாற வேண்டும் என்று பக்கத்துச் செல் தொட்டுச் சொல்கிறது. தூரத்தில் நின்று சொல்ல முடியாது. தொட்டால்தான் ஆகும். தொடுகிற அந்தக் கையைச் செய்வது ஒரு மரபணு. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று அதில் இரண்டு பிரதி எல்லாருக்கும் உண்டு. ஒன்று பழுதானால் கைகள் பாதியாகிவிடும். பல செல்களை யாரும் தொடவே மாட்டார்கள். குழாயாக வேண்டியவை குழாயாகாமல் நின்றுவிடும். தண்ணீர் போக வழி வைக்காமல் வீடு கட்டினது போல. பித்தம் வெளியே போக முடியாமல் ரத்தத்தில் ஏறும். உடம்பு மஞ்சளாகும். பிறகு தாங்க முடியாத அரிப்பு வரும். நீ எழுதிய அரிப்பு.

அதே மரபணுதான் இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிற ரத்தக் குழாய்க்கும், முதுகெலும்புக்கும், முகத்துக்கும் வேலை செய்கிறதாம். அது பழுதான பிள்ளைகளுக்கு உலகத்தில் எங்கே பிறந்தாலும் ஒரே மாதிரி முகம் இருக்கும் என்று எழுதி, படமும் போட்டிருக்கிறார்கள். எங்கோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. நான் புத்தகத்தை மூடிவிட்டேன். பெட்டிக்குள் இருந்த குழந்தை அக்கா, கண்ணைத் திறந்துகொண்டு.

அம்மா சொன்னது எப்படி அவள் வாயில் வந்ததோ தெரியாது. இந்தப் பழுது உனக்கு இருந்தால் உன் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. உனக்கு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பழுது இருந்தும் ஒன்றும் ஆகாமல் வாழ்ந்துவிடுகிறவர்களும் உண்டாம். ஸ்கேனில் இந்தக் குழாய்கள் தெரியாது. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அம்மா என்ன தைக்கிறாள் என்று பார்த்துவிட்டேன். அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தாள். சின்னப் பைகள். நாடா வைத்து, ஜோடி ஜோடியாக.

டெல்னா


ஆரியங்கோடு
20 ஜூலை

டெல்னா,

பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன்.

எங்கள் வீட்டைச் சுற்றி ரப்பர் மரம். விடியும் முன் மனு பால் வெட்டப் போவான். கத்தி பட்டையைச் சுரண்டுகிற சத்தம் ஒவ்வொரு மரமாக விலகிப் போகும். அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். இந்த மாதம் மழை விடவில்லை. வெட்டு நின்று பத்து நாளுக்கு மேல் ஆகிறது. கத்தி உத்தரத்தில் செருகியபடி இருக்கிறது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

மனுவின் அம்மாவிடம் சொன்னேன். "அது எலியாக்கும் மோளே, ரப்பர் சீட்டு உலத்துற புரையில எலி உண்டு" என்று சரோஜம் மாமி பொறி வைத்தார். எலி அகப்படவில்லை. நான் வயிற்றில் கையை வைத்தேன். கையை வைத்தால் சத்தம் நிற்கிறது. எடுத்தால் தொடங்குகிறது. இதை மனுவிடம் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும்.

உன் கடிதத்தை ஒரு முறை வாசித்துவிட்டு அடுப்பில் போட எடுத்துப் போனேன். முகத்தைப் பற்றி எழுதியிருந்தாயே, அதனால் முதலில் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். நீ எழுதிய நெற்றி. நீ எழுதிய கண். நீ எழுதிய தாடை. வாசிக்கும் முன்பு அது என் முகமாக இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு டாக்டர்கள் வந்தார்கள். ஒருவர் என் நெஞ்சில் குழலை வைத்து மற்றவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். "ஒரு சத்தம் உண்டு, பேடிக்க வேண்டாம், பயப்பட ஒண்ணும் இல்ல" என்றார்கள். அப்பாவிடம் வந்து சொன்னேன். அடுத்த நிமிடம் பேச்சை மாற்றிவிட்டார். போன வாரம் இங்கே டாக்டரும் அதையே கேட்டுவிட்டு, பழையதா என்று விசாரித்தார். மூன்று குழந்தைகளைப் பற்றியும் நான் சொன்னேன். உனக்காகச் சொன்னேன் என்று நினைக்காதே.

ஊசி போட்டு வயிற்றுத் தண்ணீரை எடுத்துப் பார்க்கலாமாம். வேண்டாம் என்றுவிட்டேன். இவ்வளவு நாள் சுமந்த பிறகு தெரிந்து என்ன செய்ய? பிறந்த பிறகு எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுது. தெளிவாக எழுது. இங்கே எல்லாரும் பிரியத்தில் தப்பு செய்கிற ஆட்கள். மாமி இப்போதே பிள்ளையை வெயில் காட்டுவதற்கு முற்றத்தில் இடம் பார்த்து வைத்திருக்கிறார்.

அப்பா கல்ஃபுக்குப் போக இருந்து, மெடிக்கலில் திருப்பி அனுப்பினார்கள் இல்லையா? ஏன் என்று கேள்.

லிஷா


பாறசாலை
3 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

பிறந்த குழந்தை பலதும் முதல் வாரம் மஞ்சளாகத்தான் இருக்கும். அது வேறு மஞ்சள். வெயிலிலோ விளக்கிலோ போய்விடும். இந்த மஞ்சள் வெயிலில் போகாது. வெயிலில் போகும் என்று நம்பினதுதான் நம் வீட்டில் நடந்த தப்பு. தம்பியை அம்மா தினமும் காலையில் முற்றத்தில் போட்டு வைத்திருந்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது. அவன் மேல் வெயில் விழ விழ நாட்கள் போய்விட்டன.

அதனால் ரத்தத்தில் மஞ்சளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொல். ஈரலைத் தாண்டி வந்து வெளியே போக முடியாமல் நிற்கிற பங்கு எவ்வளவு என்று அதில் தெரியும். கண் வெள்ளையைப் பார். பிள்ளை வெளிக்கிருப்பதைப் பார். அது மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் நல்லது. புகை காட்டாத ரப்பர் சீட்டு மாதிரி வெளுத்து இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. பால் குடிப்பதால்தான் வெள்ளை என்று யாராவது சொன்னால் நம்பாதே. அம்மாவிடம் அப்படித்தான் சொன்னார்களாம்.

அப்பாவிடம் கேட்டேன். எனக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். சந்தையில் ஏலம் முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

"கல்ஃப் மெடிக்கல்ல ஏன் திருப்பி விட்டாவ அப்பா?"

"இப்ப எதுக்குப் பிள்ளே அது?"

"நெஞ்சில சத்தம் உண்டுண்ணு சொன்னாவளா?"

கை கழுவுவதை நிறுத்திவிட்டார். "ஆருக்க கிட்ட கேட்ட?"

"ஆரும் சொல்லல்ல. லிஷா அக்காளுக்கும் உண்டு."

"அவளுக்கப் பேரு இந்த வீட்டில கேக்கப்பிடாது. எனக்க சோரையில, எனக்க ரத்தத்தில ஒரு குறையும் இல்ல, கேட்டியா? வந்தது எல்லாம் வந்தவ வழியாக்கும்." சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார்.

அம்மா அங்கேதான் நின்றாள். நான் உள்ளே போய் 1973 படத்தை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். "அம்மா, இது நீ இந்த வீட்டுக்கு வரும் முந்தி. நீ பெறந்ததே இல்ல. இது நீ விளிச்சு வந்த பிள்ள இல்ல" என்றேன். அம்மா நிறைய நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை. "நான் விளிக்கும் முந்தியே வந்தவனாக்கும் நீ" என்று படத்திடம் சொன்னாள். ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்து, படத்தை முன் அறையில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் அடித்து மாட்டினாள். அப்பா தடுக்கவில்லை.

அதன்பிறகு அப்பா அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் சாப்பிடுகிறார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் தாடி வைத்திருக்கிறார். அதற்குள் என்ன தாடை இருக்கிறது என்று நாம் பார்த்ததே இல்லை. அந்த முகம் போய்ப் போய்த் திரும்பி வந்தது என்று நினைத்தோம் அக்கா. அது எங்கேயும் போகவில்லை. நம்மோடு உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்திருக்கிறது.

நீ கேட்கிற சத்தத்தைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியாது.

டெல்னா


நெய்யாற்றின்கரை
14 அக்டோபர்

டெல்னா,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணும். ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண்.

இரண்டாம் நாளே மஞ்சள். இங்கே விளக்கில் வைத்தார்கள். நீ எழுதியதைச் சொன்னேன். இரண்டாகப் பிரித்துப் பாருங்கள் என்றேன். டியூட்டி டாக்டர் சின்னப் பெண். "சேச்சி நர்ஸாணோ?" என்று கேட்டாள். இல்லை, என் தங்கை பிளஸ் டூ என்றேன். அவள் சிரிக்கவில்லை. நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்தாள். அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நேற்று பிள்ளையைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தையல் இருப்பதால் என்னை விடவில்லை. நான் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கண்ணைக் கட்டியிருந்தார்கள்.

மனு போனில் பேசுகிறான். "சுகமாயிட்டுண்டு, நல்லாயிருக்கு" என்கிறான். மாமி பேசுகிறார். "ஒண்ணுமில்ல மோளே" என்கிறார். இருவருடைய குரலும் ஒரே மாதிரி இருக்கிறது. தம்பி போன அன்று பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூட்டிப் போக வந்தவர்களும் இந்தக் குரலில்தான் பேசினார்கள்.

யார் குரலும் எனக்கு வேண்டாம். இதை உன்னிடம் கொண்டு வர மனுவை வரச் சொல்லியிருக்கிறேன். நீ போ. அப்பா படிப்பை நிறுத்தினால் நிறுத்தட்டும், நான் படிக்க வைக்கிறேன். போய்ப் பார்த்து எழுதி மனுவிடம் கொடுத்துவிடு. சத்தம் நின்றுவிட்டது. பிள்ளை வெளியே வந்ததிலிருந்து கேட்கவில்லை. அது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

லிஷா


திருவனந்தபுரம்
15 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் பிள்ளை. உயிரோடு இருக்கிறாள். பால் குடிக்கிறாள், கொஞ்சம்தான். காலை உதைக்கிறாள்.

உன் கடிதத்தைக் கொண்டு மனு அண்ணன் காலையில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பிக்கப் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தார். அப்பா வெளியே வந்து பார்த்தார்.  நான் கடிதத்தை உரக்க வாசித்தேன், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று. வாசித்து முடிக்கும் முன்பே அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு போய் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "எங்க போற?" என்றார் அப்பா. "எனக்கப் பிள்ளயப் பாக்க" என்றாள் அம்மா. எந்தப் பிள்ளை என்று அவள் சொல்லவில்லை.

பிள்ளைகளை வைத்திருக்கிற அறைக்கு ஒரு கண்ணாடிச் சுவர் இருக்கிறது. நம் பிள்ளை ஓரத்தில், நீல விளக்குகளுக்குக் கீழே. கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். அந்த நீலத்தில் மஞ்சள் தெரிவதில்லை. பிள்ளையும் சாம்பல் நிறம், குனிந்து பார்க்கிற நர்ஸின் கையும் சாம்பல் நிறம். மஞ்சள் போய்விட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பக்கத்தில் இருந்த பிள்ளையின் போர்வையும் அதே நிறமாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். மனு அண்ணனும் நானும் போனோம். நான் முன்பு எழுதிய அந்தப் பங்கு, வெளியே போக முடியாமல் நிற்கிற மஞ்சள், ரத்தத்தில் கூடுதலாக இருக்கிறது. இதயத்தில் சத்தம் இருக்கிறது, நுரையீரலுக்குப் போகிற குழாய் ஒடுக்கம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். முதுகெலும்பில் ஒரு கண்ணி மட்டும் நடுவில் பிளந்து, பட்டாம்பூச்சி உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. அழகாக இருந்தது அக்கா. அழகாக இருந்தது என்று எழுதுவது தப்பா என்று தெரியவில்லை.

மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர நாளாகும். ஆனாலும் அந்தப் பழுதுதான் என்று டாக்டருக்கு ஏறக்குறைய உறுதி. "வீட்டில் வேறு யாருக்காவது?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். யாரோ என்று நினைத்தேன். அப்பா. பஸ்ஸில் வந்திருக்கிறார், வழியில் எங்கோ இறங்கித் தாடியை எடுத்திருக்கிறார். தாடையெல்லாம் வெளுத்திருந்தது. டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார், எக்ஸ்ரேயை இறக்கி வைத்தார். மறுபடி கேட்கவில்லை. "எனக்க வழியாக்கும்" என்றார் அப்பா. 

இனி என்ன ஆகும் என்று நான் நேராகக் கேட்டேன். டாக்டரும் நேராகச் சொன்னார். ஈரலுக்குள் குழாய்கள் குறைவாக இருக்கும். மருந்து, வைட்டமின், தனிப் பால் எல்லாம் கொடுக்க வேண்டும். சில பிள்ளைகள் வளர வளரத் தேறிவிடுவார்கள். சில பிள்ளைகளுக்கு ஈரலையே மாற்ற வேண்டி வரும். இவள் எந்தப் பக்கம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளை பிறந்து சில நாளுக்குள் கேட்டுக்கொண்டு வருகிற வீட்டார் அபூர்வம், அது இவளுக்குப் பெரிய உதவி என்றார். "விளக்கினால் இவளுக்குப் பயனில்லை, எடுத்துவிடலாம்" என்று நர்ஸிடம் சொன்னார்.

தாய்க்குப் பதில் ஒரு பெண் உள்ளே போகலாம் என்றார்கள். அம்மா போனாள். பச்சை அங்கியும் தொப்பியும் மாட்டி, கை கழுவி, பிள்ளையின் பக்கத்தில் நின்றாள். நான் திறந்திருந்த கதவோரம் நின்றேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பிறந்த குழந்தை சத்தம் வரும் பக்கம் தலையைத் திருப்பும். அது எல்லாக் குழந்தைக்கும் உள்ளது, நான் வாசித்திருக்கிறேன். இவளும் அம்மா நின்ற பக்கம் தலையைத் திருப்பினாள். ஆனால் அம்மா அதுவரை ஒரு சொல்லும் பேசவில்லை. செருப்பில்லாத கால், ஓசையும் இல்லை. கண்ணும் கட்டியிருந்தது.

அதன்பிறகுதான் அம்மா குனிந்து பேசினாள், பக்கத்து வீட்டுப் பையனைத் திட்டுகிற மாதிரி மெதுவாக.

"எலே. பெண்ணா வந்தா எனக்கு ஆளு தெரியாதுண்ணு நெனச்சியா?"

பிள்ளை உதைப்பதை நிறுத்தியது.

"இந்தத் தடவ போவப்பிடாது, கேட்டியா மக்கா. இந்தத் தடவ எல்லாருக்கும் தெரியும். நான் ஒன்ன வெயில்ல போட மாட்டேன்."

அம்மா விரலை நீட்டினாள். பிள்ளை அதைப் பிடித்தது. பிறந்த குழந்தை கையில் படுகிற எதையும் பிடிக்கும், அதையும் நான் வாசித்திருக்கிறேன். அம்மா விரலை இழுத்துப் பார்த்தாள். விடவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பயம் என்று எழுதினால் சரியாக இருக்காது. சந்தோஷம் என்றாலும் சரியாக இருக்காது.

மனு அண்ணன் வண்டியை எடுக்க நிற்கிறார், முடிக்கிறேன். டாக்டர் சொன்னபடி நர்ஸ் வந்து பிள்ளையின் கண்கட்டை அவிழ்த்தார். பிறகு ஒவ்வொன்றாக அந்த நீல விளக்குகளை அணைத்தார்.